சுட்ட கறி ஏன் தோலாகிறது?

ஞாயிற்றுக்கிழமை மாலையில் அமிர்தியிலிருந்து வேலூருக்குத் திரும்பும் வண்டிகளைக் கவனித்திருக்கிறீர்களா? வேலூரிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர் தொலைவில், ஜவ்வாது மலையடிவாரத்தில் இருக்கிறது அமிர்தி. அங்குள்ள காட்டையும், 1967இல் தொடங்கப்பட்ட வன உயிரியல் பூங்காவையும் பார்க்கக் காலையில் போனவர்கள் மாலையில் நல்ல பசியோடு ஊர் திரும்புகிறார்கள். ஊருக்குள் நுழைந்தால் கரியடுப்பின் புகை வரவேற்கிறது. ‘தந்தூரி’, ‘கிரில்’, ‘பார்பிக்யூ’ என்று விளக்குப் பலகைகள் கண்ணைச் சிமிட்டுகின்றன. பாட்டி முதல் பேரன் வரை குடும்பமே இறங்கி உட்காருகிறது.

மணம் பிரமாதம். நிறமும் பிரமாதம். வாயில் வைத்த பிறகுதான் சங்கடம். கோழியின் மார்புத் துண்டு பஞ்சு போல் வறண்டு கிடக்கிறது. தொடையின் எலும்போரம் இன்னும் வேகவில்லை. ஆட்டுக்கறித் துண்டோ பல்லுக்குப் பிடி கொடுக்க மறுக்கிறது. “இது கறியா, ஆம்பூர்த் தோலா?” என்று யாராவது ஒருவர் கேட்கிறார். எல்லோரும் சிரிக்கிறார்கள். கைக்கு வந்த பில்லைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிடுகிறது.

வேடிக்கையாகக் கேட்ட அந்தக் கேள்வியில் ஓர் அறிவியல் உண்மை அடங்கியிருக்கிறது. கறியைக் கடினமாக்கும் பொருளும், ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் இராணிப்பேட்டையிலும் காலணியாகிக் கப்பல் ஏறும் பொருளும் ஒன்றேதான். அதன் பெயர் கொலாஜன். அதைப் புரிந்துகொண்டால், பார்பிக்யூ விருந்து ஏன் அடிக்கடி ஏமாற்றம் தருகிறது என்பதும் புரிந்துவிடும்.

ஒரே புரதம், இரண்டு தொழில்கள்

விலங்கின் உடலில் உள்ள புரதங்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குக்கு மேல் கொலாஜன்தான். தோல், தசைநாண், எலும்பு, தசை நார்களைச் சுற்றியுள்ள மெல்லிய உறைகள் எல்லாவற்றிலும் அது இருக்கிறது. உடலைக் கட்டி நிறுத்தும் கயிறு அது என்று சொல்லலாம். உண்மையிலேயே அது ஒரு கயிறுதான்! மூன்று சங்கிலிகள் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு மூன்று புரிக் கயிறாக அமைந்திருக்கின்றன. இந்த அமைப்பை உலகுக்குச் சொன்னவர்கள் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறையைச் சேர்ந்த ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் ஆவர். 1954இல் ‘நேச்சர்’ இதழில் அவர்கள் கட்டுரை வெளிவந்தது. தோலைப் பற்றி ஆராய்வதற்காக 1948இல் நிறுவப்பட்ட மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையமும் அதே சென்னையில்தான் இருக்கிறது.

இந்தக் கயிற்றை ஈரத்துடன் சூடாக்கினால் என்ன ஆகும்? பதனிடாத பச்சைத் தோலை நீரில் இட்டு மெல்லச் சூடேற்றினால், ஏறத்தாழ 60 முதல் 65 டிகிரி செல்சியசில் அது திடீரெனச் சுருங்குகிறது. புரிகளைப் பிணைத்திருந்த கட்டுகள் அறுபடத் தொடங்குவதே காரணம். காலணி செய்யவேண்டிய தோல் இப்படிச் சுருங்கலாமா? கூடாது. எனவே தோல் பதனிடுபவர் புரிகளுக்கிடையே புதிய பிணைப்புகளை ஏற்படுத்துகிறார். ஆவாரம் பட்டை, கடுக்காய் போன்றவற்றின் துவர்ப்புப் பொருள்களால் பதனிட்ட தோல் 75 முதல் 85 டிகிரி வரை சுருங்காமல் தாங்கும். குரோமிய உப்பால் பதனிட்ட தோல் கொதிநீரையே தாங்கும். பதனிட்ட தோலில் ஒரு துண்டை வெட்டிக் கொதிநீரில் போட்டு, சுருங்குகிறதா என்று பார்ப்பது டேனரிகளில் அன்றாடச் சோதனை.

சமையற்காரரின் வேலை இதற்கு நேர் எதிரானது. கயிற்றைப் பலப்படுத்துவது அவர் நோக்கமன்று, அவிழ்ப்பதுதான் நோக்கம். ஈரமும் வெப்பமும் போதிய நேரமும் கிடைத்தால் கொலாஜன் முழுவதும் அவிழ்ந்து ஜெலட்டின் என்னும் வழுவழுப்பான பொருளாகிவிடும். ஆட்டுக்கால் பாயாவை நினைத்துக்கொள்ளுங்கள். இரவெல்லாம் சிறு தீயில் கிடந்த கால், காலையில் தொட்டாலே கழன்று வருகிறது. குழம்பு விரலில் ஒட்டுகிறது. ஆறினால் கட்டியாக உறைகிறது. அதுவே ஜெலட்டின். தச்சர்கள் பயன்படுத்தும் வச்சிரப் பசையும் இதே இனத்தைச் சேர்ந்ததே. பதனிடுவதற்கு முன் தோலிலிருந்து கழிக்கப்படும் துண்டுகள் பசையாகவும் ஜெலட்டினாகவும் மாறுவது இதனால்தான்.

கொலாஜன் 60 டிகிரியை ஒட்டிச் சுருங்கிவிடும். ஆனால் ஜெலட்டினாகக் கரைய அதைவிட அதிக வெப்பமும், பல மணி நேரமும் வேண்டும். சுருங்கியாயிற்று, கரையவில்லை என்ற இடைநிலைதான் கறியின் மிக மோசமான நிலை. விரைவுத் தீயில் சுட்ட ஆட்டுக்கறி பெரும்பாலும் இந்த இடைநிலையில்தான் தட்டுக்கு வருகிறது.

கறிக்குள் நடப்பது

கறியில் நான்கில் மூன்று பங்கு தண்ணீர். அது தசை நார்களுக்கிடையே, பஞ்சில் நீர் நிற்பதுபோல் நிற்கிறது. 50 டிகிரியை ஒட்டி மையோசின் என்ற தசைப் புரதம் உருக்குலைகிறது. 60-க்கு மேல் கொலாஜன் உறைகள் சுருங்கி, உள்ளிருக்கும் நார்களை நெருக்குகின்றன. 70 டிகிரியைக் கடந்தால் ஆக்டின் என்ற மற்றொரு தசைப் புரதமும் உருக்குலைந்து, நார்கள் நீளத்திலும் குறுகுகின்றன. ஈரத் துணியைப் பிழிவதுபோல் சாறு வெளியே வடிகிறது. நன்றாகச் சுட்ட கறி தன் எடையில் கால் பங்குக்கு மேல் இழந்துவிடுவது உண்டு.

ஆறு வாரம் வளர்ந்த பிராய்லர் கோழியில் கொலாஜன் குறைவு, அதுவும் இளசு. எனவே அது விரைவில் வெந்துவிடும். வயது ஏற ஏறக் கொலாஜன் புரிகளுக்கிடையே குறுக்குப் பிணைப்புகள் கூடுகின்றன. நாட்டுக்கோழியும் முற்றிய ஆடும் நேரம் கேட்பது இதனால்தான். ஒரே கோழியிலும் வேறுபாடு உண்டு. நாள் முழுவதும் உழைக்கும் தொடைக்கு ஏறத்தாழ 80 டிகிரி வரை சூடு பொருந்தும். மார்புக்கோ 70-ஐத் தாண்டினாலே வறட்சி தொடங்குகிறது. முழுக் கோழியை ஒரே கம்பியில் குத்திச் சுற்றவிட்டால், தொடை வேகும்போது மார்பு காய்ந்து போகிறது. மார்பு பதமாக இருக்கும்போது தொடை பச்சையாக இருக்கிறது.

கனலின் கணக்கு

கரியடுப்பிலிருந்து கறிக்கு வெப்பம் பெரும்பாலும் கதிர்வீச்சாகவே வருகிறது. கதிர்வீச்சின் அளவு, கெல்வின் அலகில் சொல்லப்படும் வெப்பநிலையின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. இது ஸ்டீபன் – போல்ட்ஸ்மன் விதி. வகுப்பில் இதற்குச் சூரியனைத்தான் எடுத்துக்காட்டாகச் சொல்வது வழக்கம். கரியடுப்பும் அதற்குச் சளைத்ததன்று.

செக்கச் சிவந்து ஒளிரும் கரியின் வெப்பநிலை 1,000 கெல்வின், அதாவது 727 டிகிரி செல்சியஸ் என்று கொள்வோம். உள்ளங்கை அளவான 100 சதுர சென்டிமீட்டர் பரப்பிலிருந்து உச்ச அளவாக 567 வாட் வெளிவருகிறது. இது 1,000 வாட் இஸ்திரிப் பெட்டியின் திறனில் பாதிக்கு மேல்! அதே கரி சற்றுத் தணிந்து 800 கெல்வினுக்கு வந்துவிட்டால்? வெப்பநிலை ஐந்தில் ஒரு பங்குதான் குறைந்தது. கதிர்வீச்சோ 232 வாட்டாக, அதாவது 41 சதவீதமாகக் குறைந்துவிடுகிறது.

இதில் ஒரு சூழ்ச்சியும் இருக்கிறது. சூடான பொருள் கண்ணுக்குத் தெரியும்படி மங்கலாகச் சிவக்கத் தொடங்குவது சுமார் 525 டிகிரியில் என்று டிரேப்பர் என்பவர் 1847இல் கண்டறிந்தார். அது ஏறத்தாழ 800 கெல்வின். பளிச்சென்ற விளக்குகள் எரியும் கூடத்தில் அந்த மங்கல் சிவப்பு கண்ணுக்கே தெரியாது. மேசை நடுவில் வைத்த அடுப்பில் சாம்பல் பூத்த கரியைப் பார்த்து “சூடாகத்தானே இருக்கிறது” என்று நினைப்போம். உண்மையில் அது கறியைச் சுடும் நிலையிலிருந்து, உலர்த்தும் நிலைக்கு இறங்கியிருக்கும்.

இனி நிறத்தையும் மணத்தையும் பார்ப்போம். கறியின் மேல் பொன்னிறமும் வறுவல் மணமும் தோன்றுவது புரதப் பகுதிகளும் சர்க்கரையும் சேர்ந்து வினைபுரிவதால். 1912இல் இதை விளக்கிய பிரெஞ்சு அறிஞரின் பெயரால் இது மையார் வினை எனப்படுகிறது. சுமார் 140 டிகிரிக்கு மேல்தான் இது வேகமாக நடக்கும். ஆனால் மேற்பரப்பு ஈரமாக இருக்கும்வரை அதன் வெப்பநிலை 100 டிகிரியைத் தாண்டாது. ஒரு கிராம் தண்ணீரை ஆவியாக்க ஏறத்தாழ 2,260 ஜூல் வேண்டும். அதே தண்ணீரைப் பனிக்கட்டிக் குளிர்ச்சியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர ஆவதைப்போல் இது ஐந்து மடங்குக்கு மேல். எனவே தயிர் மசாலா சொட்டச் சொட்ட, நெருக்கமாகக் கம்பியில் குத்திய துண்டுகளைத் தணிந்த கனலில் வைத்தால், வெப்பமெல்லாம் ஆவியாக்குவதிலேயே செலவாகிறது. மேலே நிறம் வருவதற்குள் உள்ளே சாறு தீர்ந்துவிடுகிறது. நிறத்துக்குக் குறுக்கு வழியாகச் சிவப்புச் சாயம் பூசும் கடைகளும் உண்டு. சாயத்துக்கு மையார் வினையின் மணம் கிடையாது.

உள்ளே செல்லும் வேகம்

கனல் எவ்வளவு தீவிரமாக இருந்தாலும் அது மேற்பரப்போடு சரி. உள்ளே போக வெப்பம் கடத்தலை நம்பித்தான் இருக்கவேண்டும். கறியோ ஏறத்தாழ தண்ணீரைப் போலவே மந்தமான கடத்தி. கணக்கிட்டுப் பார்த்தால், இருபுறமும் சூடேறும் 2 சென்டிமீட்டர் கனமுள்ள துண்டின் நடுப்பகுதிக்கு வெப்பம் எட்டச் சுமார் 12 நிமிடம் ஆகும். இது பருமட்டான மதிப்பீடுதான். ஆனால் இதில் ஒரு விதி உறுதியானது. கனம் இரண்டு மடங்கானால் நேரம் நான்கு மடங்காகும். 4 சென்டிமீட்டர் துண்டுக்கு 48 நிமிடம்!

ஒரே கம்பியில் சிறிதும் பெரிதுமாகத் துண்டுகள் இருந்தால் சில கருகுவதும் சில வேகாதிருப்பதும் ஏன் என்று இப்போது விளங்குகிறதல்லவா? அவசரப்பட்டுத் தீயை ஏற்றினால் நடுப்பகுதி வேகமாக வேகாது. மேற்பரப்புதான் வேகமாகக் கருகும்.

“முதலில் பெருந்தீயில் காட்டினால் மேலே ஓடு கட்டிச் சாறு உள்ளேயே தங்கும்” என்று சொல்வார்கள். இது 1847இல் ஜெர்மானிய வேதியியலறிஞர் லீபிக் பரப்பிய கருத்து. அது சரியன்று. ஓடு கட்டிய பிறகும் கறி அடுப்பில் ‘சுர்’ரென்று இரைந்துகொண்டே இருக்கிறதே, அது என்ன சத்தம்? வெளியேறும் சாறு கொதிக்கும் சத்தம்தான். பெருந்தீ சுவையைத் தரும், சாற்றை அடைக்காது.

பெயர் ஒன்று, வேலை வேறு

‘பார்பிக்யூ’ என்ற சொல் கரீபியத் தீவுகளிலிருந்து ஸ்பானிய மொழி வழியாக வந்தது. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் அச்சொல்லுக்கு விரைவாகச் சுடுவது என்று பொருளில்லை. மாட்டின் நெஞ்சுப் பகுதி போன்ற கொலாஜன் நிறைந்த முரட்டுக் கறியை 110 டிகிரியை ஒட்டிய சூட்டில், புகை சூழ, பத்து மணி நேரத்துக்கும் மேலாக வைத்திருப்பதுதான் அங்கே பார்பிக்யூ. இடையில் கறியின் வெப்பநிலை 70 டிகிரியை ஒட்டி மணிக்கணக்கில் ஏறாமல் நின்றுவிடும். மண்பானைத் தண்ணீரைக் குளிரவைக்கும் அதே ஆவியாதல்தான் அங்கும் வேலை செய்கிறது. அந்த நீண்ட நேரத்தில் கொலாஜன் ஜெலட்டினாகிறது. இழந்த சாற்றின் குறையை ஜெலட்டினின் வழுவழுப்பு ஈடுகட்டுகிறது.

பீரங்கி துளைக்கும் சோதனையால் வெப்பத்தின் இயல்பை விளக்கிய ரம்ஃபோர்டு பிரபுவைப் பாடப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். அவர் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில், உருளைக்கிழங்கு உலர்த்தச் செய்த கருவி ஒன்றில் ஆட்டின் தோள் கறியை வைத்துப் பார்த்தார். மூன்று மணி நேரமாகியும் வேகவில்லை. முயற்சியைக் கைவிட்டு அப்படியே விட்டுவிட்டார். மறுநாள் காலையில் அது மிகப் பதமாக வெந்திருந்தது. தீயைவிட நேரம் பெரிது என்பதற்கு இது ஒரு பழைய சான்று.

நம் பக்கத்து ஆம்பூர் பிரியாணியிலும் இதே அறிவு இருக்கிறது. கறியை முதலில் மசாலாவோடு ஈரத்தில் வேகவைத்து, பிறகே சீரகச் சம்பா அரிசியோடு தம் போடுகிறார்கள். ஆட்டுக்கறிக்கு வேண்டிய ஈரமும் நேரமும் அங்கே கிடைத்துவிடுகின்றன. கரியடுப்பில் வெப்பம் மட்டும் தாராளம். மற்ற இரண்டும் பஞ்சம். இளங்கோழிக்கும் மீனுக்கும் அது பொருந்தும். முற்றிய ஆட்டுத் தொடைக்குப் பொருந்தாது.

வேடிக்கையான செய்தி ஒன்று. விறகுப் புகையில் ஆல்டிஹைடு என்னும் வேதிப்பொருள்கள் உண்டு. அவை கொலாஜனைப் பிணைக்கக் கூடியவை. வட அமெரிக்கப் பழங்குடியினர் மானின் தோலைப் புகையில் காட்டியே பதனிட்டார்கள். எனவே புகையடுப்பில் கறியின் மேல்தோல் சிறிதளவு பதனிடப்படுகிறது என்றுகூடச் சொல்லலாம்.

மசாலாவும் பப்பாளியும்

இரவெல்லாம் மசாலாவில் ஊறவைத்தால் உள்வரை இறங்கும் என்பது பொதுவான நம்பிக்கை. கறிக்குள் உப்பு பரவும் வேகம், வெப்பம் பரவும் வேகத்தில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. ஓர் இரவில் உப்பு ஓரளவு உள்ளே போகும். அதுவே நன்மைதான், ஏனெனில் உப்பு ஏறிய நார்கள் சாற்றை நன்கு பிடித்துக்கொள்கின்றன. மிளகாயும் மஞ்சளும் சில மில்லிமீட்டரோடு நின்றுவிடும். கத்தியால் ஆழக் கீறுவதன் பயன் இதுதான்.

பப்பாளிக்காய் விழுது வேறு வகை. அதிலுள்ள பப்பாயின் என்னும் நொதி புரதச் சங்கிலிகளையே வெட்டுகிறது. டேனரியிலும் பதனிடுவதற்கு முன்பு தோலைத் தளர்த்த நொதிகளைப் பயன்படுத்தும் கட்டம் ஒன்று உண்டு. அளவோடு சேர்த்தால் கறி இளகும். மிகுந்தால் மேற்பரப்பு மாவுபோல் குழைந்து, நடுப்பகுதி அப்படியே கடினமாக நிற்கும். மஞ்சள் நிறத்தில் ரப்பர் போல் இழுபடும் நாண்களில் எலாஸ்டின் என்ற வேறொரு புரதம் உண்டு. அது எவ்வளவு வேகவைத்தாலும் கரையாது. அதை வெட்டி எடுத்துவிடுவது ஒன்றே வழி.

ஏமாற்றம் ஆபத்தாகும் இடம்

கூட்ட நேரத்தைச் சமாளிக்கப் பல உணவகங்களில் கறியை முன்னதாகவே அரைவேக்காடாக்கிக் குளிர்ப்பெட்டியில் வைத்து, ஆள் வந்ததும் கனலில் காட்டிக் கொடுக்கிறார்கள். இருமுறை சூடேறுவதால் இருமுறை சாறு போகிறது. இடையில் கொழுப்பு ஆக்சிஜனோடு சேர்ந்து பழைய வாடையும் தருகிறது. இதுவரை சுவைக்குறை மட்டுமே. ஆனால் அரைவேக்காட்டுக் கறி 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட சூட்டில் மணிக்கணக்கில் கிடந்தால், அங்கே பாக்டீரியாக்கள் பெருகுகின்றன. பிறகு மேற்பரப்பைக் கருகவைத்தாலும் நடுப்பகுதி போதிய சூடு பெறாமலே போகலாம். சில பாக்டீரியாக்கள் விட்டுச்செல்லும் நஞ்சு, மறுபடி சூடாக்கினாலும் அழியாது.

2021 செப்டம்பரில் ஆரணியில் ஓர் உணவகத்தில் சாப்பிட்டபின் நோயுற்று 10 வயதுச் சிறுமி இறந்தாள். 2023 செப்டம்பரில் நாமக்கல்லில் ஷவர்மா சாப்பிட்டபின் 14 வயதுச் சிறுமி இறந்தாள். இரண்டு இடங்களிலும் மேலும் பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். ஆகவே கோழி உள்ளே வேகவில்லை என்று தோன்றினால் “சொன்னால் என்ன நினைப்பார்களோ” என்று கூச்சப்பட வேண்டியதில்லை. கோழியின் நடுப்பகுதி 74 டிகிரியை எட்டவேண்டும் என்பது உலகெங்கும் சொல்லப்படும் அளவு. நிறத்தை மட்டும் நம்ப முடியாது. இளங்கோழியின் எலும்பு மஜ்ஜையிலிருந்து கசியும் சிவப்பு, நன்றாக வெந்த பிறகும் எலும்போரம் தங்குவதுண்டு. ஊசி முனை வெப்பமானி ஒன்றே ஐயத்தைத் தீர்க்கும். அது சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் எளிய கருவி. கரியடுப்பு வைத்திருக்கும் ஒவ்வோர் உணவகமும் அதையும் வைத்திருக்கலாம்.

கருகிய பகுதியைச் சுவையென்று தின்பதும் நல்லதன்று. கனலில் சொட்டும் கொழுப்பின் புகையில் பென்சோபைரீன் போன்ற புற்றுநோய் விளைவிக்கும் பொருள்கள் உண்டு. அவை கறியின் மேல் படிகின்றன. என்றோ ஒருநாள் சாப்பிடுபவர் அஞ்ச வேண்டியதில்லை. கருகலைச் சுரண்டி ஒதுக்கிவிட்டால் போதும்.

தெரிந்து கேட்போம்

கரியடுப்பு உணவகத்தில் உட்காரும்போது சிலவற்றை நினைவில் வைத்துக்கொள்ளலாம். சுடுவதற்கு இளங்கோழித் தொடை, மீன் ஆகியவற்றைத் தேர்ந்தெடுங்கள். ஆட்டுக்கறி வேண்டுமானால் கொத்துக்கறியால் செய்த சீக் கபாபைக் கேளுங்கள். கொத்தும்போதே நார்களும் கொலாஜன் உறைகளும் துண்டாகிவிடுவதால் நெருப்புக்கு அங்கே வேலை குறைவு. துண்டுகள் ஒரே அளவில் இருக்கின்றனவா என்று பாருங்கள். மேசையடுப்பில் கனல் தணிந்திருந்தால் மாற்றச் சொல்லுங்கள். முன்பே வேகவைத்ததா, இப்போது சுடுவதா என்று கேட்பது உங்கள் உரிமை. இப்போது சுடுவதென்றால் காத்திருக்கவும் தயாராக இருங்கள்.

வீட்டில் ஒரு சோதனை செய்து பாருங்கள். சவ்வுள்ள ஆட்டுக்கறியில் ஒரே அளவான இரண்டு துண்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றைக் கொதிநீரில் பத்து நிமிடம் வையுங்கள். மற்றொன்றை மூடிய பாத்திரத்தில் சிறு தீயில் இரண்டு மணி நேரம் வையுங்கள். இரண்டையும் நாருக்குக் குறுக்கே வெட்டிக் கடித்துப் பாருங்கள். முதல் துண்டில் சுருங்கிய கொலாஜனையும், இரண்டாவதில் கரைந்த கொலாஜனையும் உங்கள் பல்லே பிரித்துச் சொல்லிவிடும்.